‘படம் எப்படி?’ என்ற கேள்விக்கு மலையில் ஏன் இத்தனை விடைகள்

ஒரு பெரிய சூப்பர்ஹீரோ படம் வெளியாகி ஒரு வாரம் கழித்து, உதகை சேரிங்கிராஸிலோ கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பிலோ நின்று காது கொடுத்தால், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று கருத்துகளாவது கிடைக்கும். ‘சண்டையெல்லாம் செம’ என்பார் ஒருவர். ‘ஒரே இருட்டு, யார் யாரை அடிக்கிறான்னே தெரியல’ என்பார் அடுத்தவர். ‘கதை புரியல, ஆனா தமிழ் டயலாக் நல்ல சிரிப்பு’ என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ரசனைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெயரளவில் ஒரே படத்துக்குத்தான் மூவரும் போனார்கள் என்றாலும், அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர்ந்தவை வெவ்வேறு பொருள்கள்.

சென்னையில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரே தரமுள்ள அரங்குகளில் படம் பார்க்கிறார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் நிலைமை வேறு. உள்ளூர் அரங்கில் பார்ப்பவர் ஒருபுறம். விடுமுறை நாளில் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறங்கி மல்டிபிளக்ஸில் பார்ப்பவர் இன்னொரு புறம். ‘நாலு வாரத்துல ஓடிடியில வந்துடும்’ என்று காத்திருப்பவர் மூன்றாம் புறம். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளப் படங்களை மூலமொழியிலேயே பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே, ஒரு கருத்தைக் கேட்கும்போது அதில் எவ்வளவு படத்தைப் பற்றியது, எவ்வளவு பார்த்த விதத்தைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. பிரித்துப் பார்க்க உதவும் மூன்று சொற்கள்

(அ) பிரதி: ஒரு படம் ஒரே பொருளாக வெளியாவதில்லை. ஆங்கில மூலம், தமிழ் மொழிமாற்றம், தணிக்கையில் சில விநாடிகள் குறைந்த திரையரங்கப் பிரதி, ஓடிடிப் பிரதி என்று அது பல பிரதிகளாக இருக்கும்.

(ஆ) வடிவம்: ஒரே பிரதியையே 2டி, 3டி, ஐமேக்ஸ் (மிகப் பெரிய, உயரமான திரை), வீட்டுத் தொலைக்காட்சி, கைபேசி என்று பல வடிவங்களில் காட்டலாம். வடிவம் மாறினால் ஒளி, படச்சட்டம், ஒலி ஆகிய மூன்றும் மாறக்கூடும்.

(இ) முன்னறிவு: பார்ப்பவர் அரங்குக்குள் நுழையும்போதே கொண்டுவருவது. முந்தைய பாகங்கள், நாயகனின் பழைய குரல், பாட்டி சொன்ன கதை எல்லாம் இதில் அடங்கும்.

ரசனை என்பது இவை மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது.

2. ‘ஒரே இருட்டு’: இது பெரும்பாலும் படத்தின் குற்றமா?

இரவுக் காட்சி அதிகமுள்ள படங்களைப் பற்றி அடிக்கடி வரும் புகார் இது. இயக்குநர் வேண்டுமென்றே இருட்டாக எடுத்திருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் திரையில் விழும் ஒளிக்கு ஓர் அளவு உண்டு என்பதையும், அது குறைந்தால் என்ன நடக்கும் என்பதையும் அறியாமல் அந்தப் பழியை இயக்குநர் மேல் போட இயலாது.

டிஜிட்டல் திரையிடலுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் தரவரையறையின்படி, 2டி படம் ஓடும்போது திரையின் நடுவில் வெண்மைப் பகுதி சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) ஒளிர வேண்டும். வண்ணம் திருத்துபவர் இந்த அளவை மனத்தில் வைத்துத்தான் ‘இந்த நிழலில் வில்லன் நிற்பது லேசாகத் தெரிந்தால் போதும்’ என்று தீர்மானிக்கிறார். லேசாகத் தெரிய வேண்டியது, ஒளி பாதியாகக் குறைந்த திரையில் அறவே தெரியாமல் போகும். பகல் காட்சியில் இந்தக் குறைவு உறுத்தாது. நம் கண் பழகிக்கொள்ளும். இரவுக் காட்சியில்தான் அது பல்லைக் காட்டும்.

ஒளி குறைவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள்:

(அ) விளக்கின் வயது. புரொஜெக்டரில் செனான் விளக்கு பொருத்தியிருந்தால், மணிக்கணக்கு ஏற ஏற ஒளி குறைந்துகொண்டே வரும். மாற்ற வேண்டிய காலம் தாண்டியும் ஓட்டுவது கூட்டம் குறைந்த எந்த அரங்குக்கும் வரும் சபலம். லேசர் புரொஜெக்டரில் இந்தத் தேய்வு மெதுவாக நடக்கும்.

(ஆ) 3டி. இதில் இரண்டு கண்களுக்கும் ஒளியைப் பங்கிட வேண்டும். வடிகட்டியும் கண்ணாடியும் தம் பங்குக்கு விழுங்கும். கண்ணை வந்தடையும் ஒளி 2டியில் வருவதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ இருப்பது சாதாரணம். படம் ஓடும்போது 3டி கண்ணாடியைச் சற்று மேலே தூக்கிப் பார்த்தால் இது உடனே விளங்கும்: உருவம் இரட்டையாகக் கலங்கினாலும், மங்கலாக இருந்த வானம் சட்டென்று வெளுத்துத் தெரியும். கண்ணாடிக்குள் இருந்தபோது நாம் இழந்துகொண்டிருந்தது அந்த வெளிச்சத்தைத்தான்.

(இ) திரையின் பூச்சு. இரு கண்களுக்கும் வெவ்வேறு விதமாக முனைவாக்கிய (போலரைஸ்டு) ஒளியை அனுப்பும் 3டி முறைகளுக்கு வெள்ளிப் பூச்சுத் திரை தேவை. அது ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவிடாது. நடு இருக்கையில் இருப்பவருக்குப் பளிச்சென்றும், ஓர இருக்கையில் இருப்பவருக்கு மங்கலாகவும் இருக்கும். அதே திரையில் 2டி படம் போட்டாலும் இந்தக் குறை நீங்காது. ஒரே காட்சிக்குப் போன அண்ணனும் தம்பியும் வெளியே வந்து சண்டை போட்டுக்கொள்வதற்கு இருக்கை எண்ணே காரணமாக இருக்கக்கூடும்.

(ஈ) அரங்கின் சொந்த வெளிச்சம். வெளியேறும் வழிக் குறிவிளக்கு, இழுத்து மூடாத கதவு, பக்கத்து இருக்கைக் கைபேசி ஆகியவை கறுப்பைச் சாம்பல் நிறமாக்கும்.

வீட்டில் பார்ப்பவரின் ‘இருட்டு’ வேறு வகையைச் சேர்ந்தது. தொலைக்காட்சியின் ஒளி திரையரங்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஒளிக்குறைவு அங்கே பிரச்சினையன்று. குன்னூரில் ஒரு மழைக்கால மதியம், சன்னலுக்கு வெளியே மூட்டம் கவிந்து, அந்த வெண்மை முழுவதும் டிவி கண்ணாடியில் விழுந்துகொண்டிருக்கும்போது, வவ்வால் வேடமிட்ட நாயகன் சந்துக்குள் ஒளிந்து நிற்கிறார். திரையில் தெரிவது சன்னல் கம்பியும் பார்ப்பவர் முகமும்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டால் தீரும் குறை இது. மூட்டத்தின் வெளிச்சம் வெயிலைப் போல ஒரு பக்கமாக வராமல் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால், டிவியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது.

அடுத்தது இணைய வேகம். திரையரங்குப் படக்கோப்புக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் விநாடிக்கு 250 மெகாபிட். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் 4கே தரத்துக்கு 15 மெகாபிட், முழு எச்டி தரத்துக்கு 5 மெகாபிட். இரண்டும் படத்தைச் சுருக்கும் முறை வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே வகுத்துப் பார்க்கக் கூடாது. ஆயினும் இடைவெளியின் பருமன் புரியும். வேகம் குறையும்போது ஓடிடிச் செயலி படத்தை நிறுத்தாமல், தரத்தைச் சத்தமின்றிக் குறைத்துக்கொள்ளும். அப்போது முதலில் பலியாவது நுண்ணிய நிழல் வேறுபாடுகள். இருண்ட வானம் வழவழப்பை இழந்து பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக உடையும். சமிக்ஞை மலைமுகட்டில் தட்டித் தடுக்கி வரும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ‘கிராபிக்ஸ் மட்டமா இருக்கு’ என்ற கருத்துகளில் ஒரு பகுதி உண்மையில் நெட்வொர்க்கைப் பற்றிய கருத்து.

கிராபிக்ஸ் உண்மையாகவே மட்டமாக இருக்கும் படங்களும் உண்டு. வெளியீட்டுத் தேதியை முதலிலேயே அறிவித்துவிட்டுக் கடைசி வாரங்கள் வரை காட்சிகளை மாற்றிக்கொண்டிருக்கும் தயாரிப்பு முறையால் கலைஞர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது அந்தத் துறையின் நீண்ட நாள் குமுறல். சூப்பர்ஹீரோ படங்களை எடுக்கும் மார்வெல் நிறுவனத்தின் காட்சி விளைவுப் பணியாளர்கள் 2023 செப்டம்பரில் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்ததன் பின்னணி இதுவே.

3. மேலும் கீழும் காணாமல் போன படம்

படச்சட்டத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது சட்ட விகிதம். ‘ஸ்கோப்’ எனப்படும் அகலத்திரை 2.39, ஐமேக்ஸ் டிஜிட்டல் திரை 1.90, பழைய ஐமேக்ஸ் பிலிம் 1.43. எண் சிறியதானால் படம் உயரமாகிறது.

2019இல் வந்த மார்வெல் படமான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முழுவதும் ஐமேக்ஸ் டிஜிட்டல் கேமராவால் எடுக்கப்பட்டது. சாதாரண அரங்குகளில் அது 2.39 சட்டத்துக்குள் வெட்டிக் காட்டப்பட்டது. ஐமேக்ஸ் அரங்குகளில் 1.90 சட்டத்தில் ஓடியது. ஒரே அகலத்துக்கு ஐமேக்ஸில் ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுதல் படம் தெரிந்தது. கோயம்புத்தூரில் இப்போது ஐமேக்ஸ் திரை இருக்கிறது. அங்கு இறங்கிப் போய்ப் பார்த்தவர் ‘பிரம்மாண்டம்’ என்பதும், ஊரிலேயே பார்த்தவர் ‘அப்படி ஒண்ணும் தெரியலையே’ என்பதும் இருவரும் பொய் சொல்லாமலே நிகழக்கூடியவை.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. பல படங்கள் ஐமேக்ஸ் அரங்கில் ஓடினாலும் சில நிமிடங்களுக்கு மட்டுமே சட்டம் உயரும். சில படங்களுக்கு உயர்வதே இல்லை. உதகையிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் பொழுதும் செலவாகும் என்பதால், ‘படம் முழுக்க ஐமேக்ஸ் கேமராவில் எடுத்ததா?’ என்ற ஒரு கேள்வியைப் புறப்படுவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

4. தமிழ்க் குரல் நாயகனின் குணத்தை மாற்றுமா?

மாற்றும். இது பலரும் கவனிக்காத இடம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

மொழிமாற்றத்துக்கென்று வரும் ஒலித்தடத்தில் பின்னணி இசையும் விளைவு ஒலிகளும் தனியே இருக்கும். வசனம் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்தைத் தமிழ் வசனத்தால் நிரப்ப வேண்டும். நிரப்புபவருக்கு மூன்று கட்டுகள் உண்டு: வாய் திறந்திருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும், உதடு ஒட்டும் இடத்தில் ப, ம போன்ற ஒலி வந்தால் நல்லது, பொருளும் சிதையக் கூடாது.

ஓர் எளிய வசனத்தை எடுத்துக்கொள்வோம். விழப்போகும் ஒரு பெண்ணிடம் நாயகன் ‘ஐ வில் சேவ் யூ’ என்கிறான். காதில் விழுவது நான்கு அசைகள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘நான் உன்னைக் காப்பாத்துவேன்’ என்றாகும், ஏழு அசைகள். உதடு மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மொழிமாற்ற எழுத்தாளர் ‘நான் இருக்கேன்’ என்று எழுதுகிறார். அசை நான்கு, கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தது ஒரு செயலுக்கான வாக்குறுதி. தமிழில் வந்தது அண்ணன் தரும் ஆறுதல். இப்படி நூறு வசனங்கள் நகர்ந்தால், ஆங்கிலத்தில் இறுக்கமானவனாக இருந்த நாயகன் தமிழில் பாசக்காரனாகத் தெரிவான். இரண்டு மொழிகளில் பார்த்த இருவர் அவன் குணத்தைப் பற்றி வாதிட்டால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் மரியாதை. ஆங்கிலத்தின் ‘யூ’வுக்கு நீ, நீங்க என்ற பிரிவு கிடையாது. தமிழில் எழுதுபவர் ஒவ்வோர் உறவுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். எஜமானனின் குறைகளை நக்கலடிக்கும் வயதான பணியாளர் அவனை ‘நீங்க’ என்றால் கிண்டல் நாகரிகமாகிறது. ‘நீ’ என்றால் உரிமை கூடி அவர் குடும்பத்துப் பெரியவராகிவிடுகிறார். மூலத்தில் இல்லாத ஒரு முடிவு இது. படம் பார்ப்பவர் அதையும் சேர்த்தே ரசிக்கிறார் அல்லது வெறுக்கிறார்.

மூன்றாவது, குரலுக்கும் ஒரு முன்கதை உண்டு. ‘எண்ட்கேம்’ தமிழ்ப் பிரதியில் கவச நாயகன் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. தமிழ் வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அயர்ன்மேனை முந்தைய படங்களில் வேறொரு குரலில் கேட்டுப் பழகிய ரசிகர்கள் பலர் அந்தத் தேர்வை ஏற்கவில்லை. நடிகரின் திறமை குறைவு என்று அதற்குப் பொருளில்லை. நன்கு தெரிந்த ஒரு குரல் உள்ளே வந்ததும், கவசம் அணிந்தவனை மறந்து குரலுக்கு உரியவரை நினைக்க நேர்ந்தது என்பதே குறை. அந்தப் பாத்திரத்தை முதன்முதலாக அன்றுதான் பார்த்தவருக்கு அந்த உறுத்தலே இருந்திருக்காது.

மலையில் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் கோத்தகிரிக் குடும்பத்துக்கும், மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் பந்தலூருக்கும், தமிழ் மொழிமாற்றம் என்பது இரண்டாம் மொழியில் வந்த மூன்றாம் மொழிப் படம். மொழிமாற்றங்களில் சிரிப்புக்காகச் சேர்க்கப்படும் சென்னைக் கொச்சையும் பழைய படங்களின் பஞ்ச் வசனங்களும் இங்கே பாதி எடுபடும், பாதி எடுபடாது. அதேசமயம் வேற்றுமொழி என்பது தானாகவே ஒரு தடையாகிவிடாது. கொடைக்கானல் குணா குகையில் 2006இல் நடந்த உண்மை நிகழ்வை வைத்து 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, மொழிமாற்றம் இல்லாமலேயே தமிழ்நாட்டு அரங்குகளில் நிறைந்து ஓடியது. கதையில் பாதி தமிழ் மண்ணில் நடந்ததும், உள்ளூர்க்காரர்கள் தமிழிலேயே பேசியதும் அதற்குக் கைகொடுத்தன.

வீட்டில் பார்ப்போர் சொல்லும் ‘இசை காதைக் கிழிக்குது, பேச்சு கேட்கல’ என்ற புகாருக்கும் காரணம் இருக்கிறது. திரையரங்குக் கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கென்று ஒதுக்கப்படுகிறது. வீட்டு டிவியில் பெரும்பாலும் அந்த நடு ஒலிபெருக்கி கிடையாது. எல்லாத் தடமும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் திணிக்கப்பட, வெடிச்சத்தத்தின் அடியில் பேச்சு நசுங்கிவிடுகிறது.

5. ‘புரியல’ என்பதன் பின்னணி

சூப்பர்ஹீரோ என்ற பாத்திர வகையின் தொடக்கமாக 1938இல் காமிக்ஸில் வந்த சூப்பர்மேனைச் சொல்வார்கள். பேட்மேன் வந்தது 1939இல். நெடுங்காலம் இந்தப் படங்கள் தனித்தனிக் கதைகளாகவே இருந்தன. 2008இல் வந்த ‘அயர்ன்மேன்’ படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு வந்த ஒரு சிறு காட்சியில், இந்த உலகில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற செய்தி சொல்லப்பட்டது. அங்கிருந்து தொடங்கியதுதான் ‘சினிமாட்டிக் யூனிவர்ஸ்’ என்ற முறை: பல படங்களின் பாத்திரங்கள் ஒரே உலகில் வாழ்வார்கள், ஒரு படத்தின் விளைவு இன்னொரு படத்தில் தொடரும். ‘எண்ட்கேம்’ அந்த வரிசையில் 22ஆவது படம்.

2021 முதல் ஓடிடித் தொடர்களும் இந்தச் சங்கிலியில் சேர்ந்தன. 2022 மே மாதம் வந்த இரண்டாவது ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் வாண்டா என்ற பாத்திரம் தன் இரண்டு மகன்களுக்காக உலகங்களையே புரட்டுகிறாள். அந்த மகன்கள் யார், எப்படி வந்தார்கள் என்பது அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பது பகுதிகளாக வந்த ‘வாண்டாவிஷன்’ தொடரில் இருக்கிறது. தொடரைப் பார்க்காமல் நேரே அரங்குக்குப் போனவருக்கு அவள் காரணமில்லாமல் வெறிபிடித்தவளாகத் தெரிவாள். அவருடைய ‘புரியல’ முழுக்க நியாயமானது. கட்டணம் கொடுத்துப் பார்க்கும் ஒரு படம், வேறொரு சந்தாவையும் எதிர்பார்ப்பது சரியா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. சரியில்லை என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

இதே முறையில் இன்னொரு சிறு விபத்தும் மலையில் வாடிக்கையாக நடக்கக்கூடியது. கதையின் அடுத்த முடிச்சு பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு வருகிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர், படம் மூன்று மணி நேரத்தை நெருங்கும்போதே காலில் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். கோயம்புத்தூரின் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்துக்கு அவர் ஓடும்போது அரங்கில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். (‘எண்ட்கேம்’ ஓடிய 181 நிமிடங்களில் இந்தக் கவலை தேவைப்படவில்லை, அதில் பெயர்ப்பட்டியலுக்குப் பின் காட்சி ஏதும் இல்லை, சுத்தியல் தட்டும் ஓசை மட்டும் கேட்கும்.)

முன்னறிவு எப்போதும் படங்களிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 2025 ஆகஸ்டில் மலையாளத்தில் வந்த ‘லோகா: சாப்டர் 1 சந்திரா’ பெண் சூப்பர்ஹீரோவை நடுவில் வைத்த படம். அதன் வேர் கேரளத்தின் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் (பேய்ப்பெண்ணின்) கதையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நீலி என்றதும் நினைவுக்கு வருபவள் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி. எழுபது வேளாளரை நம்பவைத்துப் பழிதீர்த்தவள். பொய்யழுகைக்கு ‘நீலிக் கண்ணீர்’ என்ற பெயரே அவளால் வந்தது. ஏமாற்றுக்காரி என்று மொழியிலேயே பதிந்துபோன ஒரு பெயரோடு நாயகியைச் சந்திக்கும் தமிழருக்கும், யட்சிக் கதைகளில் ஊறிய கூடலூர் மலையாளிக்கும் அந்தப் படம் ஒரே அளவில் வியப்பூட்டியிருக்க முடியாது.

6. சான்றிதழும் வெட்டும்

இந்தியத் திரையரங்கில் ஓடும் ஒவ்வொரு படமும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்று பெற வேண்டும். மொழிமாற்றப் பிரதிக்குத் தனிச் சான்று உண்டு. 2023 சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு, ‘யுஏ’ என்ற பிரிவு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகியிருக்கிறது. யுஏ 13+ என்றால் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவரை உள்ளே விடமாட்டார்கள் என்று பொருளில்லை. பெற்றோர் யோசித்து அழைத்து வரட்டும் என்பதே பொருள். வயதைப் பார்த்துக் கதவை மூடுவது ‘ஏ’ சான்று மட்டுமே.

2025 ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தின் முத்தக் காட்சி இந்தியாவில் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நிமிடம்தான். ஆனால் காட்சி திடீரென்று தாவியதைக் கண்டவர்கள் ‘எடிட்டிங் சரியில்லை’ என்று சொன்னால், அது எடிட்டரைச் சேர வேண்டிய வசவன்று. ஓடிடி இந்த வாரியத்தின் கீழ் வராமல் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருவதால், அங்கே வெட்டுப்படாத பிரதி வருவதும் உண்டு.

7. கருத்துகளைக் கூட்டி எண்ணாக்கும்போது

தனித்தனிக் கருத்துகளே இப்படிச் சிக்கலானவை என்றால், அவற்றைத் திரட்டிச் செய்த எண்கள் இன்னும் தவறாகப் படிக்கப்படுகின்றன. விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமாட்டோஸ் தளத்தின் விழுக்காடு ஒரு படம் பெற்ற மதிப்பெண் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ‘பரவாயில்லை அல்லது அதற்கு மேல்’ என்று சொன்ன விமர்சகர்களின் பங்கு. பத்து விமர்சகர்களும் பத்துக்கு ஆறு கொடுத்தால் படத்துக்கு 100 விழுக்காடு. எட்டுப் பேர் ஒன்பதும் இரண்டு பேர் மூன்றும் கொடுத்தால் 80 விழுக்காடு. ஆனால் சராசரி 7.8. எண் குறைந்த படமே கூடுதலாகப் பாராட்டப்பட்ட படமாக இருக்கக்கூடும்.

பொதுமக்கள் போடும் மதிப்பெண்ணுக்கு வேறொரு நோய் உண்டு. 2019இல் ‘கேப்டன் மார்வெல்’ வெளியாகும் முன்பே அதற்கு எதிரான பதிவுகள் அதே தளத்தில் குவிந்தன. படம் வருவதற்கு முன் கருத்திடும் வசதியையே தளம் நீக்க வேண்டியதாயிற்று. யாரும் பார்க்காத படத்தைப் பற்றிய கருத்துகள் அவை.

8. முதல் நாளும் நீதிமன்றமும்

தமிழ்நாட்டில் விமர்சன விவகாரம் செய்தியானது 2024 நவம்பரில். அரங்க வளாகத்தில் ரசிகர்களிடம் மைக்கை நீட்டும் யூடியூப் பேட்டிகளைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு குரலெழுப்பியது. தொடர்ந்து, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனத்துக்குத் தடை கேட்டு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கூறிய நீதிமன்றம், அப்படியொரு தடையை விதிக்கவில்லை. கேரளத்தில் இதற்கு முன்பே, உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர், 2024 மார்ச்சில், முதல் 48 மணி நேரம் விமர்சனத்தைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார்.

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் காட்சிக்கு வருவோர் பெரும்பாலும் ரசிகர்கள் அல்லது எதிர் ரசிகர்கள். அவர்கள் சொல்வதை வைத்து மொத்தப் பார்வையாளர் மனத்தை அளக்க முடியாது. கூடலூர்ப் பகுதியில் இதற்கு ஒரு தனிக்கூறும் உண்டு. தமிழ்நாட்டில் இப்போது பெரிய படங்களின் முதல் காட்சி பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். 2023 அக்டோபரில் ‘லியோ’ அங்கே அதிகாலை 4 மணிக்கு ஓடியது. வயநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் தீர்ப்பு, கூடலூரில் முதல் டிக்கெட் கிழிக்கப்படுவதற்கு முன்பே எழுதி முடிந்துவிடுகிறது.

ஆனால் மூன்று நாள் தடை யாரைத் தொடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படம் வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் வாய் மூடப்படுகிறது. சென்னையில் இருப்பவர் திங்கள்கிழமை மாலை நாலு பேர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அலுவலகம் முடிந்து பத்து நிமிடத்தில் அரங்குக்குப் போகலாம். கோத்தகிரித் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கும் கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் பூண்டு போடுபவருக்கும் இறங்கிப் போக வாய்ப்புள்ள நாள் ஞாயிறு ஒன்றே. வளைவுகளில் குழந்தை வாந்தியெடுப்பதையும் சமாளித்துக்கொண்டு, நாலு பேருக்கு டிக்கெட்டும் பேருந்தும் சாப்பாடும் செலவழித்து அவர் அரங்கு வாசலுக்கு வந்து நிற்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் யாரிடமும் ‘படம் எப்படி?’ என்று கேட்டறிய முடியாத நாளாக இருந்திருக்கும்.